மயிலைக் கடலும் நெடுநீச்சலும்

மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கடல் அண்டை வீடு. கபாலீசுவரர் கோயிலிலிருந்து கச்சேரி சாலை வழியே கிழக்கு நோக்கி நடந்தால் சற்று நேரத்தில் சாந்தோமில் அலையோசை காதில் விழும். ஆயினும் அந்த அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவு, வாசலில் நின்று நலம் விசாரிக்கும் அளவோடு நின்றுவிட்டது. மாசி மகத்தன்று தீர்த்தமாடுகிறோம். அமாவாசையில் தலை முழுகுகிறோம். மாலையில் மணலில் அமர்ந்து காற்று வாங்குகிறோம். நீந்தக் கற்ற நம் முன்னோர் பெரும்பாலும் கிணற்றிலும் குளத்திலும் கற்றார்களேயன்றிக் கடலில் கற்கவில்லை. கடற்கரைக் குப்பங்களில் வாழ்ந்த மீனவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

இந்த அச்சம் வீணான அச்சமன்று. சென்னைக் கரை, வளைகுடாவின் மறைவு ஏதுமின்றி நேர்கோடாகக் கிடப்பது. வங்கக் கடலின் அலைகள் தடையின்றி வந்து, கரையோர மணல் திட்டுகளின்மேல் உடைகின்றன. உடைந்து கரையேறிய நீர் திரும்பிச் செல்வதற்குத் தாழ்வான ஓர் இடத்தைத் தேடுகிறது. தேடிக் கண்ட வழியில் ஓடையைப் போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. இடுப்பளவு நீரில் நிற்பவனைக்கூட அது இழுத்துக்கொண்டு போய்விடும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்த முயல்கிறவன் களைத்து மூழ்குகிறான். கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தி, அந்த ஓடையைவிட்டு விலகிய பின்பு கரையை நோக்கித் திரும்புகிறவன் பிழைக்கிறான். பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரை மணலில் தனித்து நிற்கும் வெண்ணிற நினைவுச் சின்னத்தைப் பலர் பார்த்திருக்கலாம். 1930 டிசம்பரில், பிறரைக் காப்பாற்ற இறங்கித் தம் உயிரைக் கொடுத்த ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பப்பட்டது அது. காற்று வாங்க வருபவர்கள் அதன் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அது எதை நினைவூட்டுகிறது என்பதை நீரில் இறங்க விரும்பும் இளைஞர்களாவது அறிந்திருத்தல் நலம்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து வந்துசேர வேண்டும். படகும் போக முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்கள் போனார்கள். நீர் புகாதபடி முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு அவர்கள் அலைகளுக்குள் புகுந்து செல்வார்கள். அலை மரத்தைப் புரட்டி ஆளைத் தள்ளினாலும், நீந்திச் சென்று மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். கடிதம் நனையாமல் கப்பலைச் சேரும். இதைக் கண்டு வியந்து எழுதிவைத்த ஐரோப்பியப் பயணிகள் பலர். அப்படி வியந்தவர்களில் எவரும் அந்த மனிதர்களின் பெயரைக் கேட்டு எழுதவில்லை என்பதுதான் வருத்தம். நம் நகரத்தின் திறந்த கடல் நீச்சல் வரலாற்றுக்கு முதல் அத்தியாயம் எழுத வேண்டுமானால், பெயரில்லாத அவர்களைக் கொண்டுதான் எழுத வேண்டும்.

அவர்கள் கைவலிமையை மட்டும் நம்பியவர்கள் அல்லர். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்தபின் ஓர் இடைவெளி உண்டு என்பதையும், அந்த இடைவெளியில்தான் புறப்பட வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டதைப் போலவே, கடலுக்குள் ஓடும் ஆற்றுக்கும் 'நீவாடு' என்று தமிழ்நாட்டுக் கடலோடிகள் பெயரிட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்றின்போது சென்னைக் கரையோர நீர் தெற்கு நோக்கி ஓடும். அது ஓய்ந்து தென்மேற்குப் பருவம் நெருங்கும்போது வடக்கு நோக்கித் திரும்பும். ஆண்டில் அதிக மாதங்கள் மணல் வடக்கேதான் நகர்கிறது. 1870-களில் துறைமுகத்தின் கற்சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. நாம் உலாவும் மெரினாவின் அகலம் அவ்வாறு சேர்ந்த மணலின் கொடை. நீந்துகிறவனை இழுக்கும் அதே நீரோட்டம்தான் மணலையும் சுமந்து வந்தது.

சென்னைக் கடலில் நெடுநீச்சல் பழகுகிறவனுக்கு ஒரு விந்தையான குறை உண்டு. போய்ச் சேர்வதற்கு எதிரே கரை இல்லை. நேர் கிழக்கே அந்தமான் தீவுகள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. ஆகவே பழகுவது இங்கே, கடப்பது வேறிடத்தில் என்றாகிவிட்டது. தமிழருக்கு அந்த வேறிடம் இயல்பாகவே பாக் நீரிணைதான். இரு கரையிலும் ஒரே மொழி வழங்கும் நீரிணை அது.

1954-இல், யாழ்ப்பாணத்தின் வடகரையில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து நீந்தித் தமிழ்நாட்டுக் கோடியக்கரையை அடைந்தார். ஏறத்தாழ 27 மணி நேரம் அவர் நீரிலேயே இருந்தார். நீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் என்று போற்றப்படுபவர் அவரே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில், வங்காளத்து வழக்கறிஞர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்துசேர்ந்தார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் அவருக்குத் துணையாக வந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடி அவரை வரவேற்றது. அந்த ஒரே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் ஆகிய நீரிணைகளையும் பனாமாக் கால்வாயையும் அவர் நீந்தினார். இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென் பிள்ளைப் பருவத்திலேயே பெயர் பெற்ற நீச்சல் வீரர் அல்லர். சட்டம் படிக்க லண்டனுக்குச் சென்ற பிறகே முறையாக நீந்தப் பழகினார். ஆங்கிலக் கால்வாயில் முதல் முயற்சிகள் தோற்ற பின்பே, 1958-இல் அவருக்கு வெற்றி கிட்டியது.

பின்னர் 1971-இல் வல்வெட்டித்துறை தந்த மற்றொரு வீரர் குமார் ஆனந்தன், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகலும் இரண்டு இரவும் உறக்கமின்றி உப்பு நீரில் கிடப்பதென்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

நவரத்தினசாமி நீந்தியது மார்ச்சில். சென் நீந்தியது ஏப்ரலில். பின்னால் வந்தவர்களிலும் பலர் பங்குனி, சித்திரை மாதங்களையே தேர்ந்தார்கள். வாடைக்காற்று அடங்கி, தென்மேற்குக் காற்று இன்னும் வலுக்காத இடைவேளை அது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆகையால் காற்று சிறிது வலுத்தாலும் குறுகிய, செங்குத்தான அலைகள் எழுந்து நீந்துவோனின் முகத்தில் அறையும். கட்டுமரக்காரன் இரு பேரலைகளுக்கு நடுவே தேடிய இடைவெளியை, நீரிணை நீச்சல்காரன் இரு பருவங்களுக்கு நடுவே தேடுகிறான்.

சித்திரையில் கடப்பதற்கு எப்போது பழகுவது? அதற்கு முந்திய மார்கழி முதல் பங்குனிவரை. அந்த மாதங்களில் எலியட்ஸ் கடற்கரைக்கும் சாந்தோமுக்கும் இடையே நாள்தோறும் நீந்துகிறவன், தெற்கே இழுக்கும் நீரையும் பார்ப்பான், அது தயங்கித் திரும்புவதையும் பார்ப்பான். முதல் நாள் அரை மணியில் கடந்த தூரம் மறுநாள் ஒரு மணி ஆகும்; அவன் கையில் குறை ஒன்றுமிராது. குளத்தில் சுவரிலிருந்து சுவருக்கு எண்ணிப் பழகியவனுக்கு இது முதலில் பெரும் எரிச்சலாக இருக்கும். அதனால்தான் கடலில் பயிற்சியைத் தூரத்தால் அளப்பதில்லை, நேரத்தால் அளக்கிறார்கள். இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி என்று உடலை நீரில் இருத்திப் பழக்குகிறார்கள். அக்குளிலும் கழுத்திலும் உப்பு அறுக்காமலிருக்கக் கொழுப்புப் பூசிக்கொள்வதையும், நாக்கு உப்பில் தடித்துப்போன பிறகும் உணவை விழுங்குவதையும், துணைப்படகைத் தொடாமலே அதிலிருந்து நீட்டப்படும் குவளையை வாங்கிக் குடிப்பதையும், இருட்டில் திசை தெரியாத நிலையில் படகின் விளக்கை நம்பி நீந்துவதையும் கடலில் அன்றி வேறெங்கும் கற்க இயலாது. அடையாற்றின் முகத்துவாரத்தை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதையும் யாராவது சொல்லித்தர வேண்டும். அங்கே ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளும். துணைப்படகில்லாமல் தனியே இறங்குவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

சென்னையிலேயே பழகி உலகப் புகழ் பெற்றவர் குற்றாலீசுவரன். மெரினா நீச்சல் குளத்தில் கோடைப் பயிற்சிக்கு வந்த சிறுவனின் ஆற்றலைப் பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவன் கண்டுகொண்டார். 1994 ஏப்ரலில், 12 வயதில், அவர் பாக் நீரிணையை ஏறத்தாழ 16 மணி நேரத்தில் கடந்தார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய், இத்தாலியின் மெசினா நீரிணை முதலியவற்றையும் சேர்த்து ஆறு நீச்சல்களை முடித்து, ஓராண்டில் ஐந்து என்று சென் நிறுவியிருந்த சாதனையை முந்தினார். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். பின்பு போட்டி நீச்சலை விட்டுக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படிக்கச் சென்றார்.

2022 மார்ச்சில், கடற்படை வீரர் ஒருவரின் மகளான ஜியா ராய், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் வந்துசேர்ந்தார். ஆட்டிசம் என்னும் குறைபாட்டுடன் வளர்ந்த பெண் அவர். 25 மணி, 16 மணி, 13 மணி என்று நேரம் குறைந்து வந்திருப்பதைக் கண்டு பின்வந்தவர் முன்வந்தவரைவிட வல்லவர் என்று தீர்ப்புச் சொல்வது எளிது, நான் சொல்லமாட்டேன். மாத்யூ வெப் என்னும் ஆங்கிலேயர் 1875-இல் முதன்முதலாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, 21 மைல் அகலமுள்ள நீரில் ஏற்றவற்றங்கள் அவரை அலைக்கழித்து 39 மைல் நீந்தவைத்தன. கடிகாரம் நீந்துகிறவனை மட்டுமா அளக்கிறது? அன்றைய கடலையும் சேர்த்தே அளக்கிறது.

சென்னைக் கடல் கற்றுத்தர முடியாதது ஒன்றுண்டு, அது குளிர். நம் கடல்நீர் மார்கழியிலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆங்கிலக் கால்வாயோ கோடையிலேயே 15 முதல் 18 பாகைதான். கம்பளி போன்ற தடித்த நீச்சல் உடைக்கும் அங்கே அனுமதி இல்லை. குளிர்ந்த நீர் உடலின் சூட்டை மெல்ல மெல்லக் களவாடும். முதலில் விரல்கள் விறைக்கும், பிறகு அறிவு மங்கும், தான் தளர்வதையே நீந்துகிறவன் அறியமாட்டான். பாக் நீரிணையில் 51 மணி நேரம் தாக்குப்பிடித்த குமார் ஆனந்தன், 1984 ஆகஸ்டில் அந்தக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அங்கேயே உயிர் நீத்தார்.

இன்று ஆங்கிலக் கால்வாயைத் தனியே நீந்த விரும்புவோர், 16 பாகைக்கும் குறைந்த நீரில் 6 மணி நேரம் நீந்தியதற்குச் சான்று காட்ட வேண்டும். 16 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். 1994-இல் டோவருக்குச் சென்ற நம் 12 வயதுச் சிறுவன் இன்று போய் நின்றால், நான்கு ஆண்டுகள் கழித்து வா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.