மொட்டை மாடியில் ஒரு கம்பி

தண்ணீர்த் தொட்டியிலிருந்து லிப்ட் ரூம் வரை ஒரு மெல்லிய கம்பி போவதைப் பார்த்துவிட்டு, "துணி காயப் போடவா சார்?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அது என் ஷார்ட்வேவ் ரேடியோவின் ஏரியல். வாட்டர்ப்ரூஃபிங் வேலைக்காக அதைக் கழற்ற வேண்டும். மறுபடி கட்டலாமா என்பது வரும் பொதுக்குழுவில் உங்கள் முன் வருகிறது. அதற்கு முன் ஒரு பழைய கதை.

சென்னைக்கு ரேடியோவைக் கொண்டுவந்தது அரசாங்கம் அல்ல. பொழுதுபோக்காக ரேடியோ செய்தவர்கள்தான். 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம் வீட்டில் இருந்த பழைய டியூப் லைட்டும் அதே 40 வாட்தான்! பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளப்புகள் ஓராண்டு முந்திக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம்தான் பிரச்சினை. 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி அதை வைத்து 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் மெரினாவில் ஒலிபெருக்கியின் கீழ் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகுதான் இது முடிந்தது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது செல்போன் இருக்கிறதே என்பீர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோக்காரர் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். அந்தமானில் 1987க்குப் பிறகு ஹாம்களுக்கு அனுமதியே இருந்ததில்லை. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகத்தான் போனார்கள். 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, கடல் வந்தது, போன்கள் செத்தன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே பெட்டிகள் வழியாக, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே போனது. கார் நிகோபாரிலும் ஒரு நிலையம் அமைத்தார்கள்.

டவரும் கேபிளும் இல்லாமல் அது எப்படிப் போனது? வானத்தின் மேலே உள்ள அயனி மண்டலம் ஷார்ட்வேவ் அலைகளைப் பூமிக்கே திருப்பி வளைக்கிறது. ஒரு கம்பி, ஒரு பேட்டரி போதும்.

பேசுவதற்குத்தான் அரசுத் தேர்வும் உரிமமும் வேண்டும். நான் வெறும் கேட்பவன். கேட்க இன்று லைசென்ஸ் தேவையில்லை. தபால் நிலையத்தில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆசைப்படுகிறவர்கள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஷார்ட்வேவ் செட்டோடு ராத்திரியில் பால்கனிக்குப் போங்கள். எல்.இ.டி. பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள், பாதி இரைச்சல் அதிலிருந்துதான் வருகிறது. ஏரியல் கம்பி மின்கம்பி அருகே போகவே கூடாது. இடி மின்னலின்போது செட்டைக் கழற்றி வையுங்கள்.

கம்பி கழற்றப்படும் வரை தினமும் இரவு எட்டு மணிக்கு மாடியில்தான் இருப்பேன். வந்து கேட்டுவிட்டு, பிறகு பொதுக்குழுவில் கை தூக்குங்கள்.