நூறு நாள், நூறு ரூபாய்

பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் எல்லாமே பிராங்கும் சாந்தீமும்தான். பள்ளியை விட்டு வெளியே வந்தால் மளிகைக் கடையில் அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது எனக்கு எட்டு வயது. ஓரணாவுக்கு ஆறு பைசாவா, ஆறேகாலா என்று பெரியவர்கள் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க, நூறு நூறாக எண்ணிப் பழகிய நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். பின்னால் வட்டிக் கணக்கிலும் வகுப்பில் முதல் ஆள் நான்தான்.

இவ்வளவு தெரிந்தவன் தொண்ணூறுகளில் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஒரு நிதி நிறுவனம் நூற்றுக்கு 24 வட்டி என்றது. வங்கியில் அதில் பாதிதான். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். பதினாலு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது. அப்புறம் கதவில் பூட்டு. என் மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கான தொழிற்படிப்பு. பிறகு அந்த மாதிரியில் வேறு ஊர்களிலும் வந்தன. அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் பண நிர்வாகம் பற்றி வாரம் ஒரு மணி நேரம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். கொடுத்த கையேட்டில் ஏடிஎம் அட்டையை எப்படிச் செருகுவது என்றிருந்தது. அதை அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொல்லித் தருவார்கள். கையேட்டை மூடிவிட்டு 1906-க்குப் போனேன்.

அந்த வருடம் அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய பெயர். வங்கியைப் போலவே ஊர்ப் பணத்தை வாங்கி வைத்திருந்தது. (நம் ஊரிலும் பாங்க் தெ லாந்தோசின் இருந்தது. என் தாத்தா அதன் வாசலைத் தாண்டிப் போயிருப்பாரே தவிர, படி ஏறியிருக்க மாட்டார். அந்த விதத்தில் தப்பித்தார்.) லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபாடியன் ஊக வியாபாரத்தில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். போட்டவர்களில் எத்தனையோ பேருக்கு வாழ்நாள் சேமிப்பே போயிற்று. அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முனைந்து 1907-ல் இந்தியன் வங்கி உருவானது.

"அவங்கல்லாம் படிச்சவங்கதானே சார், யோசிக்கலையா?" என்றாள் நர்சிங் உதவியாளர் படிப்பில் இருந்த ஒரு பெண்.

"நானும் யோசிக்கலைம்மா" என்று என் கதையையும் சொன்னேன். வகுப்பு அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள். அம்மா இட்லிக் கடைக்குத் தண்டல் வாங்கியிருக்கிறார். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். "நூத்துக்குப் பதினஞ்சு வட்டி" என்றான் பின்வரிசைப் பையன்.

கரும்பலகையில் போட்டோம். கைக்கு வந்தது 8,500தான். அதுவும் நூறு நாளும் கையில் இருப்பதில்லை. தினமும் நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் 4,250 ரூபாய்க்குத்தான் 1,500 வட்டி. நூறு நாளைக்கே நூற்றுக்கு 35. வருடத்துக்கு 120-க்கு மேல்! பையன் இரண்டு முறை செல்போனில் தட்டிப் பார்த்தான். அந்தப் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தண்டல் அட்டையையே கொண்டுவந்துவிட்டாள். அறுபத்து மூன்று கையெழுத்து விழுந்திருந்தது. "மீதியை இப்பவே மொத்தமா கட்டினா குறைப்பாங்களா சார்?"

"குறைக்க மாட்டாங்கம்மா. ஆனா நூறாவது நாள் அவர் மறுபடியும் 8,500-ஐ நீட்டுவார். அன்னிக்கு நீ அம்மா பக்கத்துல இரு."

விரல் விட்டு எண்ணினாள். நூறாவது நாள் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வந்தது.