தீவனத்தில் மசாலா விதைகள்

கால்நடைத் தீவனத்துக்கும் மசாலாப் பயிர்களுக்கும் உள்ள உறவுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. கி.மு. 160 அளவில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியர் மூத்த கேட்டோ, மாடுகளுக்காக விதைக்க வேண்டிய பயிர்களில் வெந்தயத்தையும் சேர்த்திருக்கிறார். மட்டமான உலர்புல்லுக்கு மணமேற்றவும் வெந்தயம் பயன்பட்டது. ‘கிரேக்க உலர்புல்’ என்று பொருள்படும் அறிவியல் பெயர் அதற்கு அமைந்தது அப்படித்தான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இது பெரிய வியாபாரமாயிற்று. ஜோசப் தோர்லி போன்றோர் வெந்தயம் முதலிய மணப்பொருள்களை மாவுடன் கலந்து, பெரிய விளம்பரத்தோடு, சாதாரண மாவைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். ரோத்தம்ஸ்டெட் பண்ணையின் ஜான் பென்னெட் லாஸ் விளம்பரத்தை நம்பாமல், கொழுக்க வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். கொடுத்த காசுக்குப் பலன் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. வியாபாரம் அதற்காக நின்றுவிடவில்லை!

உண்மையான சத்து கிடைத்தது வேறோர் இடத்தில். ஐரோப்பிய வடிசாலைகளில் சீமைச் சோம்பிலிருந்து எண்ணெய் இறக்கிய பின் மிஞ்சும் சக்கையில் 20 முதல் 23 விழுக்காடு புரதமும் 14 முதல் 16 விழுக்காடு கொழுப்பும் இருந்தன. காயவைத்த சக்கை மாட்டுத் தீவனமாக விலைபோனது. தனியாச் சக்கையும் அதே வழியில் தொழுவம் சேர்ந்தது.

மசாலா விதைகளுக்குத் தீவனத்தைக் கெடாமல் காக்கும் குணமும் உண்டு. அதற்கு முக்கியக் காரணம் விதையின் எண்ணெய்ப் பகுதி. ஓமத்திலுள்ள தைமால் பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் செல் சவ்வைச் சிதைக்கிறது. சீரகத்தின் குமினால்டிஹைடுக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. விதைகளிலுள்ள பீனால் சேர்மங்கள், தவிட்டிலும் பிண்ணாக்கிலும் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த செயற்கைப் பொருளான எத்தாக்சிகுயினுக்கு அளித்த அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் நிறுத்திவைத்தது.

பூஞ்சை எவ்வளவு கொடியது என்பதை 1960இல் இங்கிலாந்து கண்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் மடிந்தன. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு அடையாளம் காணப்பட்டது அந்தச் சாவுகளை ஆராய்ந்தபோதுதான்.

மசாலா விதைகளுக்கு மறுவாழ்வு தந்தது நுண்ணுயிர்க்கொல்லிகளின் வீழ்ச்சி. 1940களின் இறுதியில், தீவனத்தில் ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறிதளவு சேர்த்தால் கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதை ஆய்வாளர்கள் ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும் அமெரிக்காவில் கண்டறிந்தனர். உலகமே அதைப் பின்பற்றியது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகின. வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கொடுப்பதை ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுமையாகவும் தடைசெய்தன. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தருவதை இந்தியா 2019இல் தடுத்தது. தீவன ஆலைகள் ஓமம், சோம்பு பக்கம் திரும்புவது இத்தகைய தடைகளுக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது.

தமிழ்நாட்டில் இவ்விதைகள் தீவனத்தைவிட மருந்தாகவே அதிகம் அறியப்பட்டவை. கோமாரியில் வாய்ப்புண் வந்த மாட்டுக்கு, ஊறவைத்த சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராமை மஞ்சள், பூண்டுடன் அரைத்து, தேங்காயும் வெல்லமும் சேர்த்து ஊட்டும் மரபு மருத்துவக் குறிப்பைக் கால்நடை மருத்துவர்களே இன்று பரிந்துரைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. விதையில் எண்ணெயின் அளவு ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறுவதால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. வெந்தயம் மிகுந்தால் பாலிலும் அதன் வாடை ஏறும். புரதம் நிறைந்திருந்தாலும், மனிதர் தின்னும் விலையில் வெந்தயத்தை வாங்கி மாட்டின் பசியாற்ற முடியாது. சக்கையே கட்டுப்படியாகும். மசாலா விதை பூஞ்சையின் வளர்ச்சியைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உருவான அஃப்ளாடாக்சினை நீக்காது. அந்த நச்சு பாலிலும் இறங்கும் என்பதால், பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் ஓமத்தைத் தூவிக் கறவை மாட்டுக்கு வைக்கக் கூடாது.