பழைய கணினியின் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் வீட்டுக் கணினி: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

புதுடெல்லி: ஏழு, எட்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மேசைக் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா, அதன் பாகங்களில் நல்லவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியதை மட்டும் மாற்றுவதா என்ற கேள்வி நாடெங்கும் பல குடும்பங்களின் முன் எழுந்துள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய அதே காலத்தில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் ராம் எனப்படும் நினைவகத்தின் விலை உலகச் சந்தையில் கடுமையாக உயரத் தொடங்கியது. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு நினைவகங்களை விற்று வந்த தொழிலிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இதனால் கணக்கு மாறியுள்ளது. முன்பு பழைய கணினியில் மதிப்பற்றதாகக் கருதப்பட்ட டிடிஆர் 4 ராம் இப்போது பத்திரப்படுத்த வேண்டிய பொருளாகிவிட்டது. அதே வேளையில், மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் பழைய பாகங்கள் அனைத்தையும் புதிய கணினியில் பொருத்துவதும் ஆபத்தானது. குறிப்பாக ஒரு பாகம், தான் பழுதாகும்போது மற்றவற்றையும் சேர்த்து அழிக்கக் கூடியது.

முதலில் பழுது எங்கே என்று அறிதல்

கணினி மெதுவாக இயங்குகிறது என்பதற்காக அதன் பிராசஸர் காலாவதியாகிவிட்டது என்று பொருளில்லை. 2018-ஆம் ஆண்டுக்கு முன் வாங்கப்பட்ட பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இயங்குதளம் ஹார்டு டிஸ்க்கில்தான் உள்ளது. சுழலும் தகடுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்கும்போது அந்த வேகமும் பெருமளவு சரிந்துவிடும். சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் படிக்கும். ஹார்டு டிஸ்க்கில் செருகியிருக்கும் அதே இரண்டு கேபிள்களைக் கழற்றி இதில் செருகினால் போதும்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி தடுமாறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி நிரம்பியிருக்கிறதா, பிராசஸர் திணறுகிறதா என்று பார்த்தால் விடை கிடைக்கும். முதல் இரண்டில் ஒன்றாக இருந்தால் ஓர் எஸ்எஸ்டியும், ராமை 8 ஜிபிக்கு உயர்த்துவதுமே தீர்வாக இருக்கக்கூடும். மிகக் குறைந்த செலவில் முடியும் வழி இதுவே என்பதால், புதிய பாகங்களின் விலையை விசாரிக்கும் முன் இதைச் சோதித்துவிடுவது நல்லது.

அடுத்தது இயங்குதளம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையதும் வேண்டும். டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவையும் தேவை. தகுதியுள்ள பல கணினிகளில் டிபிஎம் வசதி பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதால், தகுதியில்லை என்ற தவறான அறிவிப்பு தோன்றுவது உண்டு. அதை இயக்கிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

உண்மையிலேயே தகுதியில்லாத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளது. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளே பயன்படுத்தப்படுகின்றன. இணையம், கடிதம், பாடம், காணொளி ஆகியவற்றுக்கு இது போதுமானது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருள் வைத்திருப்போர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-லேயே தொடர விரும்பும் வீட்டுப் பயனாளர்களுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் தெரிவித்துள்ளது.

ஒன்றை மாற்றினால் மூன்றும் மாறும்

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் பிராசஸரை மாற்றுவது அவசியம் என்றால், அது தனியான செலவாக இராது. பிராசஸர், மதர்போர்டு, ராம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிராசஸரின் சாக்கெட் மதர்போர்டைத் தீர்மானிக்கிறது. மதர்போர்டு ராமின் வகையைத் தீர்மானிக்கிறது. டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 ஆகியவற்றின் நடுவே உள்ள வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முடியாது.

இன்டெல் நான்காம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவரின் டிடிஆர் 3 ராம் புதிய மதர்போர்டு எதிலும் பயன்படாது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலும் டிடிஆர் 4 இருக்கும். அதை ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டிலோ, இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1700 மதர்போர்டிலோ பொருத்தலாம். எல்ஜிஏ 1700 மதர்போர்டுகள் டிடிஆர் 4, டிடிஆர் 5 என இரு வகைகளிலும் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கியவர் ராமையும் புதிதாக வாங்க நேரும். ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர் 5-ஐ மட்டுமே ஏற்கும். பழைய ராமைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அந்த வழி அடைபட்டது.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலே பொருந்திவிடும் என்றும் நம்ப முடியாது. இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 தான். ஆயினும் முந்தைய மதர்போர்டுகளில் பிந்தைய பிராசஸர்கள் இயங்குவதில்லை. பழைய சந்தையில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

ஏஎம்4 சாக்கெட் இதற்கு நேர்மாறான வரலாறு கொண்டது. 2018-இல் பி450 மதர்போர்டுடன் ரைசன் 3 2200ஜி வாங்கியவர், பயாஸைப் புதுப்பித்த பிறகு, அதே மதர்போர்டில் 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி பிராசஸரைப் பொருத்திக்கொள்ள முடியும். மதர்போர்டு, ராம் இரண்டும் மிச்சமாகும். பயாஸ் புதுப்பித்தலின் நடுவே மின்சாரம் தடைபட்டால் மதர்போர்டு செயலிழந்துபோகக் கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் பிராசஸரின் பெயரில் வரும் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் எஃப் என்று முடிபவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசன் வரிசையில் ஜி என்ற எழுத்து உள்ளவற்றில்தான் அந்த வசதி உண்டு. விலை சற்றுக் குறைவு என்று எஃப் வகையை வாங்கிவிட்டு, திரையில் எதுவும் வரவில்லை என்று கடைக்குத் திரும்புவோர் உண்டு.

எஸ்எம்பிஎஸ்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பழைய கேபினட்டுடன் இலவச இணைப்பாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே புதிய மதர்போர்டுக்குப் பயன்படுத்துவதுதான் மிகப் பரவலான தவறு. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தாலும் வயதாலும் தேய்வடைகின்றன. இந்தியாவின் கோடை வெப்பமும், மின்னழுத்த ஏற்ற இறக்கமும், கேபினட்டில் படியும் தூசியும் அதை விரைவுபடுத்துகின்றன. தேய்ந்த எஸ்எம்பிஎஸ் உடனே நின்றுவிடுவதில்லை. காரணம் தெரியாமல் கணினி அணைவது, மீண்டும் தொடங்குவது என்று தொடங்கி, ஒரு நாள் மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கக் கூடும்.

மேலே பெரிதாக அச்சிடப்பட்ட வாட் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் மின்தடத்திலிருந்துதான் பெரும்பகுதி மின்சாரத்தை எடுக்கின்றன. பக்கவாட்டு ஒட்டுச்சீட்டில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்க வேண்டும். 450 வாட் என்று எழுதியிருந்தும் அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால், பயன்படத்தக்கது 168 வாட் மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி 150 வாட்டை எட்டுவதே அரிது என்பதால், பெரிய எண் தேவையில்லை. 80 பிளஸ் சான்று பெற்ற, உத்தரவாதமுள்ள, சிறிய எஸ்எம்பிஎஸ் போதும். கிராபிக்ஸ் கார்டு பொருத்தினால் கணக்கு வேறு. மதர்போர்டின் செருகுமிடம் 75 வாட் வரை தரும். கார்டில் உள்ள ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டவை.

கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களையும் சேர்த்து நீக்கிவிட வேண்டும். அவற்றின் முனைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் வகைக்கு வகை, வேறுபடும். தவறான கேபிளைச் செருகினால் டிஸ்க் எரிந்துபோகும். அதிலிருந்த புகைப்படங்களும் போய்விடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை வீட்டில் திறக்கக் கூடாது.

கேபினட்டைத் தொடும்போது இலேசாக மின்சாரம் உறைப்பது பல வீடுகளில் காணப்படும் ஒன்று. பெரும்பாலும் இதற்குக் காரணம் கணினி அல்ல. சுவரில் உள்ள மூன்று துளை சாக்கெட்டில் எர்த் இணைப்பு இல்லாததே. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி அமைப்பிலிருந்து கசியும் சிறிய மின்னோட்டம் செல்ல வழியின்றி உலோகப் பெட்டியில் தேங்குகிறது. புதிய பாகங்களைப் பொருத்துவதற்கு முன் மின்பணியாளரைக் கொண்டு இதைச் சரிசெய்ய வேண்டும்.

கேபினட், மானிட்டர், டிஸ்க்

கேபினட்டை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையே இன்றும் தொடர்வதால், இருபது ஆண்டுப் பழைய கேபினட்டிலும் புதிய மதர்போர்டின் திருகுத் துளைகள் பொருந்தும். தூசியை அகற்றி, பின்புறம் ஒரு மின்விசிறி சேர்த்தால் போதும். கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் ஆகியவையும் அப்படியே தொடரலாம். பழைய மானிட்டரில் விஜிஏ இணைப்பு மட்டும் இருந்தால், விஜிஏ உள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையெனில் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிறு கருவி தேவைப்படும்.

பழைய ஹார்டு டிஸ்க்கை இயங்குதளத்துக்கு அல்லாமல், புகைப்படம், காணொளி போன்றவற்றின் இருப்பிடமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அதன் நிலையை அறிய வேண்டும். சேதமடைந்து மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், சேதமடையும் நிலையில் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூஜ்ஜியமாக இருப்பது நல்ல அறிகுறி. காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போனால், முதல் வேலை கணினியைச் சீரமைப்பதல்ல, கோப்புகளைப் பிரதி எடுப்பது. ஒரே ஒரு பிரதியாக எதையும் பழைய டிஸ்க்கில் வைக்கலாகாது.

பழைய ராமை மெம்டெஸ்ட் மென்பொருளால் ஓர் இரவு முழுவதும் சோதிக்கலாம். ஒரு பிழை காட்டினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பிராசஸரைக் கழற்றிப் பொருத்தும்போது தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட வேண்டும். கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரியை மாற்றினால் போதும். இதற்காக மதர்போர்டையே மாற்றச் சொல்லும் கடையை மாற்றுவது நலம்.

விண்டோஸ் உரிமத்தைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கணினியுடன் சேர்ந்து வந்த உரிமம் அந்த மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது. மதர்போர்டு மாறினால் அது செல்லாது. தனியாகச் சில்லறையில் வாங்கிய உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட் போடும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு ஆகிய சந்தைகளில் புதிய பாகங்களுடன் பயன்படுத்திய பாகங்களும் கிடைக்கின்றன. பயன்படுத்திய இன்டெல் மதர்போர்டு வாங்கும்போது சாக்கெட்டின் முனைகள் வளைந்துள்ளனவா, மின்தேக்கிகள் உப்பியுள்ளனவா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிராசஸரும் ராமும் பொருத்தி, திரையில் படம் வருவதைக் கடையிலேயே காட்டச் சொல்லலாம். வரிசை எண் குறிப்பிட்ட ஜிஎஸ்டி ரசீது இல்லையெனில் உத்தரவாதம் கோருவது கடினம்.

அலுவலகங்கள் கழித்துக்கட்டிய டெல், எச்பி, லெனோவா கணினிகள் முழுமையாகவே குறைந்த விலைக்குக் கிடைப்பது மற்றொரு வாய்ப்பு. எட்டாம் தலைமுறை பிராசஸர் கொண்டதாகத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் 11-உம் இயங்கும். மூன்று பாகங்களைத் தனித்தனியே வாங்குவதைவிட இதுவே பல வேளைகளில் மலிவானது. ஆனால் இவற்றின் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, கேபினட் ஆகியவை பல வகைகளில் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவிலும் இணைப்பிலும் அமைந்தவை. பிற்காலத்தில் ஒரு பாகத்தை மட்டும் எடுத்து வேறு கணினியில் பொருத்தும் எண்ணம் உள்ளவர்களுக்கு இவை உகந்தவை அல்ல.

எஞ்சிய பாகங்கள் எங்கே செல்கின்றன

2022-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தும் இவ்விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களே கழிவைக் கையாள வேண்டும். நடைமுறையில் பெரும்பகுதி காயலான் கடைகள் வழியாக டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களுக்குச் சென்று, கைகளாலும் நெருப்பாலும் பிரிக்கப்படுகிறது. அங்கு வேலை செய்வோர் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்களுக்கு ஆளாகின்றனர்.

பழுதான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு ஆகியவற்றைப் பதிவு பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்கும் முன் கோப்புகளை நீக்கினாலோ, விரைவு ஃபார்மேட் செய்தாலோ போதாது. தரவு உள்ளேயே இருக்கும், எளிய மென்பொருளால் அதை மீட்க முடியும். டிஸ்க் முழுவதையும் ஒரு முறை மேலெழுதி அழிக்க வேண்டும். இயங்காத டிஸ்க் என்றால் அதன் தகடுகளைத் துளையிட்ட பிறகே கைமாற்ற வேண்டும்.