காற்றில் கசிந்த சேதி

அணுமின் நிலையம் ஒன்றிலிருந்து எல்லை தாண்டக்கூடிய அளவுக்குக் கதிரியக்கம் கசிந்தால், எங்கே, எப்போது, என்ன என்று அந்த நாடு உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கென்று ஒப்பந்தம் இருக்கிறது. விபத்துக்கு ஏழு வரை மதிப்பெண் போடும் அளவுகோலும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் புகைப்பட பிலிம் விற்ற ஒரு கம்பெனியின் வாசலில் போய் நிற்போம்.

பிலிமுக்கும் கதிரியக்கத்துக்கும் பழைய உறவு. 1896-இல் பாரிஸில் ஆன்றி பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டையும் யுரேனிய உப்பையும் சேர்த்து, வெயில் வரட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். வெயில் வரவில்லை. தகடு மட்டும் தானாகவே கறுத்திருந்தது. 1908-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் துகள்களை எண்ணும் குழாயைச் செய்தார்கள்; 1928-இல் கைகரும் அவர் மாணவர் முல்லரும் ஜெர்மனியில் அதைச் செம்மைப்படுத்தினார்கள். அளக்கத் தெரிந்துவிட்டது. அளந்ததைச் சொல்லப் பழகுவதற்கு இன்னும் ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது.

1945-இல் கோடாக் கம்பெனியின் எக்ஸ்ரே பிலிம்களில் காரணம் தெரியாத கரும்புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்ற அவர்களது இயற்பியலாளர் துப்புத் துலக்கினார். குற்றவாளி பிலிம் அல்ல, அதைப் பொதிந்திருந்த வைக்கோல் அட்டை. அட்டை வந்தது இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஆலையிலிருந்து. ஆலைக்குத் தண்ணீர் வாபாஷ் ஆற்றிலிருந்து. அந்த ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ரகசியமாக வெடித்த முதல் அணுகுண்டின் தூசி, ஆயிரம் மைலுக்கு மேல் மிதந்து வந்து, ஆற்றில் இறங்கி, கூழில் கலந்து, அட்டையாகிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது!

1951 ஜனவரியில் நெவாடாவில் குண்டுச் சோதனை நடந்த சில நாளில், கோடாக்கின் சொந்த ஊரான ராச்செஸ்டரில் பெய்த பனியிலும் கதிரியக்கம். கம்பெனி கோபமாகப் புகார் செய்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் இறங்கிவந்து, இனி சோதனைகளைப் பற்றிப் பிலிம் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்வதாக ஒப்புக்கொண்டது. அதே காற்று வீசிய ஊர்களில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அப்படி எந்தத் தகவலும் போகவில்லை. சரக்கு கெட்டால் கேட்கிற காதுகள் சில உண்டு.

அடுத்த பாடம் பாலில் வந்தது. இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலைகளுடைய 120 மீட்டர் புகைபோக்கிகளின் உச்சியில் வடிகட்டி வைத்தே தீரவேண்டும் என்று இயற்பியலாளர் ஜான் காக்கிராஃப்ட் அடம்பிடித்தார். வீண் செலவு என்று சிரித்து, அந்த வடிகட்டிகளுக்கு அவர் பெயரையே வைத்துக் கிண்டல் செய்தார்கள். 1957 அக்டோபரில் உலை தீப்பிடித்தபோது துகள்களில் பெரும்பங்கைப் பிடித்து நிறுத்தியவை அவைதான். ஆனால் அயோடின்-131 நழுவிவிட்டது. அது புல்லில் படியும். புல்லை மேயும் மாடு அதைப் பாலில் இறக்கும். குழந்தையின் தைராய்டு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலையெல்லாம் கொட்டினார்கள். விசாரணை அறிக்கை முழுசாக வெளிவந்தது 1988-இல்! பிரதமர் மேக்மில்லன் அதைப் பூட்டிவைத்துவிட்டார். பாலைச் சோதிப்பது இன்று உலகெங்கும் வழக்கம். கல்பாக்கம், கூடங்குளம் வட்டாரத்திலும் பால், மீன், தண்ணீர், மண் என்று மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள்.

சரியாக அளந்தும் தவறாகச் சொல்ல முடியும் என்பதற்கு அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தைவிட நல்ல சாட்சி இல்லை. 1979 மார்ச் 30 அன்று, புகைபோக்கிக்கு மேலே பறந்த ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம் என்று அளந்தது. அரசின் அணு ஒழுங்குமுறை ஆணையத் தலைமையகத்தில் ஒருவர் சற்று முன்புதான், கசிவு பெரிதானால் வெளியே தரைமட்டத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவருக்கு வந்த விடையும் 1,200! இரண்டு எண்ணும் ஒன்றாகிப் போனதில், மக்களை வெளியேற்றும் பேச்சு வந்தது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் ஐந்து மைல் வட்டத்தைவிட்டுக் கிளம்பலாம் என்று ஆளுநர் சொன்னார். ஊரே மூட்டை கட்டியது.

1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம். காலை உணவை முடித்து, உலைப்பகுதிக்கே போகாமல் வந்த ஊழியரைப் பார்த்துக் கதிர்வீச்சுக் கருவி அலறியது. கருவிதான் பழுது என்று நினைத்தார்கள். பார்த்தால் வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் அதே அலறல். ஒருவரின் காலணியைக் கழற்றி வாங்கி நுண்கருவியில் வைத்தபோது, அந்த நிலையத்தில் இருக்கவே முடியாத தனிமங்கள் தெரிந்தன. வெளியே புல்தரையிலும் அதேதான். கசிந்தது நம் உலையோ என்று ஆட்களை வெளியேற்றினார்கள். காற்று வந்த திசையைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால், அது சோவியத் நாட்டைக் காட்டியது. செர்னோபில் வெடித்து இரண்டு நாளாகியிருந்தது. மாஸ்கோ தொலைக்காட்சி அன்றிரவு ஒன்பது மணிச் செய்தியில் நாலைந்து வரி படித்தது. 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு காலணி அதை முந்திக்கொண்டது.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் உடனடி அறிவிப்பு ஒப்பந்தம். வெடித்த நாளிலிருந்து சரியாக ஐந்து மாதத்தில், செப்டம்பர் 26 அன்று, வியன்னாவில் நிறைவேறியது. ஏழு படி அளவுகோல் 1990-இல் வந்தது. பிரான்சும் ஜப்பானும் தங்களுக்கென்று வைத்திருந்த அளவுகோல்களைப் பார்த்து எழுதியது.

அந்த ஜப்பானே 2011-இல் தடுமாறியது. புகுஷிமா அணுமின் நிலைய விபத்தின் கதிரியக்கக் காற்று எங்கே போகும் என்று கணக்கிட ஸ்பீடி என்ற கணினி ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. அதன் கணிப்பு மார்ச் 14 அன்றே அமெரிக்க ராணுவத்துக்குப் போயிற்று. சொந்த மக்களுக்குக் கிடைத்தது மார்ச் 23-இல். இடையில் நமியே ஊர்க்காரர்கள் பாதுகாப்பு என்று நம்பி ஓடி ஒதுங்கிய சுஷிமா, அந்தக் காற்று போன வழியிலேயே இருந்தது. பிறகு சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வலர் கூட்டம் டிபன் பாக்ஸ் அளவுக் கருவியைக் காரில் மாட்டி, தெருத் தெருவாக அளந்து, எண்களை இணையத்தில் எல்லோருக்கும் போட்டது. அரசாங்கம் சொல்லட்டும் என்று காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. நியாயம்தான்.

2017 இலையுதிர்காலத்தில் ஐரோப்பா நெடுகக் காற்று வடிகட்டிகளில் ருத்தேனியம்-106 ஒட்டியிருந்தது. அங்கே யாருக்கும் கெடுதல் செய்யாத அளவுதான். பிரெஞ்சு ஆய்வாளர்கள் காற்றைப் பின்தொடர்ந்து ரஷ்யாவின் தெற்கு யூரல் பக்கம் விரல் நீட்டினார்கள், ரஷ்யா மறுத்தது. எங்களுடையதுதான் என்று இதுவரை எந்த நாடும் சொல்லவில்லை.