தோற்ற வீரனும் துணைநின்ற ஊரும்

வென்றாரைப் போற்றுவதும் தோற்றாரைத் தூற்றுவதும் உலக வழக்கு. ஆட்டத் திடலில் இவ்வழக்கு இன்னும் கடுமையானது. சென்ற வாரம் கோல் அடித்தவனைத் தோளில் தூக்கியவர்களே இந்த வாரம் அவன்மீது தண்ணீர்ப் புட்டியை வீசுவதை நம் நாட்டுத் திடல்களிலும் கண்டிருக்கிறோம். இவ்வழக்கிற்கு ஒருமுறையேனும் மாறாக நடந்துகொண்ட ஓர் ஊரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறேன். அவ்வூர் நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய ப்ரூக்ளின். ஆட்டம், அமெரிக்கர் தம் உயிரினும் மேலாகக் கருதும் பேஸ்பால்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமற்ற ஆட்டம்தான். எனினும், நம் இடைநிலைப் பள்ளிகள் சிலவற்றில் ஆடப்படும் சாஃப்ட்பாலுக்கு அதனை அண்ணன் முறை எனலாம். ஒருவர் பந்தை எறிய, மற்றவர் மட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை செம்மையாக அடிப்பவன் சிறந்த ஆட்டக்காரன். இரண்டு முறைகூட அடிக்க இயலாதவன் அணியில் நிலைப்பது அரிது. பத்தில் ஏழு தோல்வியைச் சிறப்பென்று கொள்ளும் ஆட்டம் இது. பருவமோ நீண்டது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை அக்காலத்தில் 154 ஆட்டங்கள். அத்தனை ஆட்டங்களில் ஏற்றமும் இறக்கமும் இல்லாத அணி ஏது?

1898ஆம் ஆண்டுவரை ப்ரூக்ளின் தனி நகரமாக விளங்கியது. நியூயார்க்குடன் இணைக்கப்பட்ட பின்னர், தன் பெயரைத் தாங்கி நிற்க அதற்கு எஞ்சியவற்றுள் முதன்மையானது டாட்ஜர்ஸ் என்னும் அணி. தெருக்களில் ஓடிய டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஒதுங்குபவர்கள் என்பதே அப்பெயரின் பொருள். 1913இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் திடல் அதன் தாயகம். ஹில்டா செஸ்டர் என்னும் பெண்மணி மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு கூச்சலிடுவார். சுருதி சேராத ஒரு வாத்தியக் குழு எதிரணியினரைக் கேலி செய்து வாசிக்கும். மக்கள் தம் அணியினரை 'உதவாக்கரைகள்' என்று செல்லமாக ஏசினர். ஏசுவது அவர்தம் உரிமை. அயலார் ஏசினால் சண்டைதான்.

லீக்கில் வாகை சூடிய அணிகள் இரண்டு மோதும் உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் 1916இலும் 1920இலும் தோற்றது. பின்னர் 1941, 1947, 1949 ஆகிய ஆண்டுகளில் அதே மாநகரின் யாங்கீஸ் அணியிடம் தோற்றது. 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்பது ஊராரின் வாய்மொழி ஆயிற்று. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், கறுப்பினத்தவராகிய ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி, நிறவெறிச் சுவரை இடித்த பெருமை இவ்வணியையே சாரும். ஆயினும் வாகை மட்டும் வரவில்லை.

1951ஆம் ஆண்டு நிகழ்ந்ததே மிகக் கொடியது. ஆகஸ்டுத் திங்கள் நடுவில் ஜயண்ட்ஸ் அணியைவிட 13 ஆட்டங்கள் முன்னணியில் டாட்ஜர்ஸ் நின்றது. அதன் மேலாளர் சார்லி டிரெசன் வாயடக்கம் இல்லாதவர். ஜயண்ட்ஸ் அணியின் கதை முடிந்துவிட்டது என்று செய்தியாளரிடம் முழங்கினார். முடிந்த கதை எழுந்து நடந்தது. ஜயண்ட்ஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களில் வென்று, பருவ இறுதியில் சமநிலைக்கு வந்தது. மூன்று ஆட்டங்கள் கொண்ட தீர்வுத் தொடரின் கடைசி ஆட்டத்தில், அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், ரால்ஃப் பிராங்கா எறிந்த பந்தைப் பாபி தாம்சன் வேலிக்கு அப்பால் அடித்து ஆட்டத்தை முடித்தார். அப்பருவத்தில் ஜயண்ட்ஸ் அணியினர் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடினர் என்ற உண்மை 2001இல்தான் நாளேட்டில் விரிவாக வெளிவந்தது. அன்றைய ப்ரூக்ளின் மக்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. தலைவன் ஊட்டிய மிகையான நம்பிக்கையின் சுமையை அவர்களே சுமந்தனர்.

மறு ஆண்டு, அதாவது 1952இல், டாட்ஜர்ஸ் மீண்டும் உலகத் தொடருக்குச் சென்று ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸிடம் தோற்றது. இத்தொடரில்தான் கில் ஹாட்ஜஸ் என்பார்க்கு அந்தச் சோதனை வந்தது. முதல் தளத்தைக் காக்கும் இவர் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். ஒகினாவாப் போரில் பங்கேற்றவர். ப்ரூக்ளின் பெண்ணை மணந்து அங்கேயே குடியமர்ந்தவர். நடுவரிடம் வாதாட அறியாத அமைதியானவர். பருவம் முழுதும் 32 முறை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய அக்கைகள், உலகத் தொடரில் 21 முறை முயன்றும் ஒருமுறைகூடச் செம்மையாக அடிக்கவில்லை. இருபத்தொன்றுக்குச் சுழியம்! ஓர் ஓட்டம், ஈரோட்டம் என்று வெற்றி தோல்வி முடிவாகும் தொடரில் இது சிறு குறை அன்று.

அடுத்த பருவம் தொடங்கியும் தளர்ச்சி நீங்கவில்லை. 1953 மே நடுவில் அவர் பத்துக்கு இரண்டு அடி என்னும் நிலைக்கும் கீழே கிடந்தார். பொதுவாக இந்நிலையில் கூட்டம் ஏளனக் கூச்சல் எழுப்பும். ஆனால், ஹாட்ஜஸ் மட்டையுடன் நடந்து வரும்போதெல்லாம் எபெட்ஸ் திடல் கைதட்டியது. கடிதங்களும் செபமாலைகளும் நற்பேற்றுச் சின்னங்களும் அவருக்குக் குவிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்னும் ப்ரூக்ளின் பாதிரியார், மறையுரை ஆற்ற இயலாத அளவுக்குப் புழுக்கமாக இருக்கிறது, இல்லம் சென்று கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று கூறி மக்களை அனுப்பி வைத்தார். அப்பருவத்தின் இறுதியில் ஹாட்ஜஸின் கணக்கு, பத்துக்கு மூன்று அடிக்குச் சற்று மேல்; வேலிக்கு அப்பால் 31 அடிகள். செபத்தால் வந்ததா, நிற்கும் முறையைத் திருத்தியதால் வந்ததா என்று யான் வழக்காட முற்படவில்லை. கைதட்டலுக்கும் அதில் பங்குண்டு என்று நம்புகிறேன்.

ஆசிரியத் தொழிலில் முடி நரைத்தவனாதலால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 2021இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலம். ஏழு பாடங்களிலும் ஏ பெறுவான் என்று நான் மேடையிலேயே அறிவித்திருந்த மாணவன் ஒருவன், மூன்றே ஏ பெற்று வந்து அலுவலக வாயிலில் நின்றான். அவன் தந்தையார், "சார், நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். பையன் தலை நிமிரவில்லை. டிரெசனின் கதையை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் மேடையில் வாயை அடக்கியிருப்பேனா என்பது ஐயமே.

ப்ரூக்ளின் மக்களைத் தெய்வப் பிறவிகளாகக் காட்டுவதும் பிழையாகும். 1955 ஆகஸ்டில் அதே கூட்டம் டியூக் ஸ்னைடரை ஏளனம் செய்தது. அப்பருவத்தில் 42 முறை வேலியைத் தாண்டி அடித்தவர் அவர். சில நாள் தளர்ச்சிக்குத்தான் அத்தனை கூச்சல். சினங்கொண்ட ஸ்னைடர், இந்த ஊரார் வாகைக்குத் தகுதியற்றவர்கள் என்று செய்தியாளரிடம் கொட்டித் தீர்த்தார். ஹாட்ஜஸுக்கு ஒரு நீதி, ஸ்னைடருக்கு ஒரு நீதியா என்று கேட்கத் தோன்றும். ஸ்னைடர் தம் வருத்தத்தை முகத்தில் காட்டியவர், ஹாட்ஜஸ் விழுங்கியவர். விழுங்குபவனிடம் கூட்டம் இரங்கும், முறைப்பவனிடம் முறைக்கும் என்பதே என் கணிப்பு. அது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை.

டிரெசன் 1953க்குப் பின் நீண்ட ஒப்பந்தம் கேட்டு வேலையை இழந்தார். அவர் இடத்திற்கு வந்த வால்ட்டர் ஆல்ஸ்டன், ஓய்வுப் பருவத்தில் ஒஹையோ மாநிலத்துப் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியர். முதல் நிலை அணியில் ஒரே ஒருமுறை மட்டை பிடித்து, அதிலும் அடிக்காமல் வெளியேறியவர். ஓராண்டு ஒப்பந்தம் போதும் என்று ஏற்று, அவ்வாறே 23 ஒப்பந்தங்கள் கண்டார். பேச்சில் சிக்கனம் மிக்கவர். 1955இல் அவருடைய அணி முதல் 10 ஆட்டங்களையும் வென்றது. முதல் 24இல் 22ஐ வென்றது. எனினும் ஊர் துள்ளவில்லை. 1947இல் 18 இலட்சம் பேர் வந்த திடலுக்கு, அவ்வாண்டு வந்தவர்கள் 10 இலட்சத்தைச் சற்றே தாண்டினர். புறநகருக்குக் குடிபெயர்ந்தோரும் தொலைக்காட்சியும் இதற்குக் காரணம். 1951இல் சுட்ட மனமும் ஒரு காரணம் என்பேன்.

உலகத் தொடரில் மீண்டும் யாங்கீஸ். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாம் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ஜானி பாட்ரெஸ். அன்று அவருக்கு 23ஆம் பிறந்தநாள். பருவத்தில் 9 வெற்றியும் 10 தோல்வியும் கண்ட அந்த இளைஞரிடமே ஆல்ஸ்டன் ஏழாவது ஆட்டத்தின் பந்தையும் கொடுத்தார். அக்டோபர் 4ஆம் நாள், யாங்கீஸ் திடல். டாட்ஜர்ஸ் 2, யாங்கீஸ் 0. அவ்விரண்டு ஓட்டங்களும் ஹாட்ஜஸ் அடித்த அடிகளால் வந்தவை. ஆறாம் சுற்றில், இடக்கோடியில் சாண்டி அமோரோஸ் ஓடிச் சென்று பிடித்த பந்து ஆபத்தை நீக்கியது. கடைசி ஆளை வெளியேற்ற பீ வீ ரீஸ் எறிந்த பந்தைப் பெற்றுக்கொண்டதும் ஹாட்ஜஸின் கையே. ப்ரூக்ளின் தெருக்களில் விடியும்வரை ஆரவாரம். அந்த ஊருக்கென்று நூறாண்டுக்கு மேல் வெளிவந்த 'ப்ரூக்ளின் ஈகிள்' நாளேடு மட்டும் அதே ஆண்டு சனவரியில் நின்றுபோயிருந்தது. காத்திருந்த செய்தியை அச்சிட அதற்குக் கொடுத்துவைக்கவில்லை.

மகிழ்ச்சி நீடித்தது ஈராண்டே. புதிய திடலுக்கு உரிமையாளர் வால்ட்டர் ஓமாலி கேட்ட இடத்தை, நகரமைப்பில் செல்வாக்கு மிக்க ராபர்ட் மோசஸ் தர மறுத்தார். 1957 செப்டம்பர் 24ஆம் நாள் நடந்த கடைசி ஆட்டத்திற்கு வந்தோர் 6,702 பேர். ஆர்கன் வாசிக்கும் கிளாடிஸ் குடிங் அம்மையார் அன்று பிரிவுப் பாடல்களாகவே வாசித்தார். அணி லாஸ் ஏஞ்சலிஸ் சென்றது. 1960இல் திடல் இடிக்கப்பட்டது. இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போல வண்ணம் பூசியிருந்தனர். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள்.

அணியோடு மேற்கே சென்ற ஹாட்ஜஸ், 1962இல் புதிதாகத் தொடங்கிய மெட்ஸ் அணிக்காக நியூயார்க்கிற்குத் திரும்பினார். அவ்வாண்டு மெட்ஸ் 40 ஆட்டங்களில் வென்று 120இல் தோற்றது. ஆயினும் அந்நகரத்து மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து கைதட்டினர். 1968இல் அவரே அதன் மேலாளர் ஆனார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஏறக்குறைய 10 ஆட்டங்கள் பின்தங்கிக் கிடந்த அணி, இறுதியில் 100 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்து, உலகத் தொடரையும் வென்றது. இம்முறை முன்னணியில் நின்று வீழ்ந்தது சிகாகோ கப்ஸ் அணி. ஹாட்ஜஸ் 1972 ஏப்ரல் 2ஆம் நாள் மாரடைப்பால் காலமானார்; அகவை 47. ப்ரூக்ளினிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1978இல் அங்குள்ள மரீன் பார்க்வே பாலத்திற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்க்க 2022ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அவருடைய மனைவி ஜோன் அம்மையார் அப்போது தொண்ணூறு கடந்து உயிருடன் இருந்தார். அச்செய்தியைக் கேட்டுவிட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.