கால்புண்ணும் அரைப்பேரும்

மலையக வரலாற்றைக் கால்களில் இருந்தும் எழுதலாம் என்று எங்களுக்கு அடிக்கடி தோன்றும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்தது. வழியில் செத்தவர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872இல் சட்டம் வந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. ஆள் படுத்தால் துரைக்கு நட்டம்.

1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மலம் கலந்த மண்ணை வெறுங்காலோடு மிதித்தால் புழு தோலைத் துளைத்து உள்ளே போகும், இரத்தம் குறையும். மருந்து கொடுப்பது லேசு, கக்கூஸ் கட்டுவதுதான் செலவு. இழுபறி அங்கேதான். இரத்தம் இல்லாத உடம்பில் புண் எப்படிச் சீக்கிரம் ஆறும்?

புழுவோடு சம்பந்தமில்லாத புண்ணும் உண்டு. நாளெல்லாம் நிற்கிற காலில் நாளத்து வால்வுகள் பழுதானால் இரத்தம் மேலே ஏறாமல் தேங்கும். காலு வீங்கும், கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து வெடிக்கும். இதற்குக் களிம்பு பூசி மட்டும் மாளாது, அழுத்திக் கட்டவேண்டும். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே தெரிந்த சங்கதிதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் டொக்டர் உன்னா துத்தநாகப் பசைக் கட்டைக் கொண்டுவந்தார். லண்டன் சாரிங் குரொஸ் வைத்தியசாலையின் நாலடுக்குக் கட்டு 1980களில் வந்தது.

கட்டுவது சும்மா சுற்றுகிற வேலை இல்லை. பாதத்தைச் செங்கோணத்தில் வைத்து, விரலடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடவேண்டும். கணுக்காலில் சுமார் 40 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம், முழங்காலுக்குப் போகப்போகக் குறையவேண்டும். தாதியர் ஒருவர் காலில் ஒருவர் கட்டி, துணிக்கடியில் அழுத்தமானி வைத்துப் பார்த்துத்தான் கை பழகும். பழக்கம் விட்டால் கை மறந்தும் போகும். அதனால் ஒருநாள் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுப்பதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கட்டுமுன் கணுக்கால் அழுத்தத்தையும் கை அழுத்தத்தையும் ஒப்பிடவும் வேண்டும். விகிதம் 0.8க்குக் கீழே என்றால் முழு அழுத்தம் ஆபத்து, சீனி வருத்தக்காரருக்கு இந்த எண்ணையே முழுசா நம்பமுடியாது.

கட்டை வாராவாரம் மாற்றவேண்டும். தோட்டத்தில் இருந்து கண்டிக்கு பஸ் ஏறினால் அன்றைய பேர் போச்சு, பாதியில் திரும்பினால் அரைப்பேர். ஆகவே இந்தப் பயிற்சி முதலில் போய்ச்சேர வேண்டியது தோட்ட டிஸ்பென்சரிக்கு. கூடவே தமிழும் போகவேண்டும்: “விரல் நீலிச்சாலோ மரத்துப்போனாலோ விடியும்வரை பார்க்காதீங்க, ராத்திரியே கட்டை அவிழ்த்துடுங்க.”